‘அறிவில் பாதி பிறவி’ என்றால் உண்மையில் என்ன பொருள்?

அறிவுத்திறனில் ஏறக்குறையப் பாதி மரபணுக்களால் வருகிறது என்ற செய்தியை நாளிதழ்களிலோ யூடியூபிலோ பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்களில் பலர் அதை இப்படிப் புரிந்துகொள்கிறார்கள்: “என் மகளுக்கு இருக்கும் அறிவில் பாதி பிறக்கும்போதே வந்துவிட்டது; மீதிப் பாதியை அவள் படித்துச் சம்பாதிக்க வேண்டும்.” இந்தப் புரிதல் அடியோடு தவறு. அந்தச் சதவீதம் எந்தத் தனி மனிதரின் அறிவைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அது சொல்வது வேறொன்று. அது என்னவென்று தெரிந்துகொண்டால், அறிவு பிறவியிலேயே அமைவதா, உழைப்பால் வருவதா என்று பட்டிமன்றங்களில் காலங்காலமாக நடந்துவரும் வாதமே வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

ஏழு வயதுக் குழந்தையைப் பற்றி “அவனுக்குப் படிப்பு ஏறாது” என்று தீர்ப்பு எழுதுகிறோம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் “உழைத்தால் யாரும் முதல் மதிப்பெண் வாங்கலாம், நீதான் உழைக்கவில்லை” என்று குற்றம் சாட்டுகிறோம். இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பவை. இரண்டும் பிள்ளைகளைக் காயப்படுத்துபவை. அதனால்தான் இதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

எதை அளக்கிறார்கள்?

1904ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு, பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. அந்தப் பணியில் ஈடுபட்ட உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் 30 சிறு பணிகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வது, மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, இரண்டு எடைகளைத் தூக்கி எது கனமானது என்று கூறுவது, பார்த்த வடிவத்தை நினைவிலிருந்து வரைவது என்று எளிதானவற்றில் தொடங்கிக் கடினமானவற்றை நோக்கி அந்தப் பணிகள் செல்லும். கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பதே சோதனையின் நோக்கம். ஒரு குழந்தையின் அறிவு மாறவே மாறாத அளவு என்று கூறியவர்களைப் பினே கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய குழந்தைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கும் பயிற்சிகளையும் அவர் வகுத்திருந்தார். 1911இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை, அதாவது எந்த வயதுக் குழந்தையின் அளவுக்கு ஒரு குழந்தை பணிகளைச் செய்கிறது என்பதை, உண்மையான வயதால் வகுக்கும் ஈவு முறையை முன்வைத்தார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் பினேயின் சோதனையைத் திருத்தி, ஐ.கியூ. என்று இன்று உலகம் அழைக்கும் எண்ணைப் பரவலாக்கினார். உதவி தேவைப்படுவோரைத் தேடுவதற்காகப் பிறந்த கருவி, மனிதர்களை வரிசைப்படுத்தும் கருவியாக மாறியது இங்கேதான்.

இன்றைய சோதனைகளில் சராசரி 100 என்று வைத்துக்கொள்ளப்படுகிறது. மூன்றில் இரண்டு பேரின் மதிப்பெண் 85க்கும் 115க்கும் இடையில் விழும். பள்ளித் தேர்ச்சியையும் பல வேலைகளில் ஒருவர் எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்வார் என்பதையும் இந்த எண் ஓரளவு முன்கூட்டியே காட்டுகிறது. எனவே, ஐ.கியூ. வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவது சரியன்று. ஆனால் அதன் எல்லையும் தெளிவானது. 1921இல் டெர்மன் கலிஃபோர்னியாவில் மிக உயர்ந்த ஐ.கியூ. கொண்ட சுமார் 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார். சோதிக்கப்பட்டும் தேர்வாகாமல் போன சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்ற இருவர் இருந்தனர். பின்னாளில் இருவரும் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள், ஒருவர் 1956இல், மற்றவர் 1968இல். தேர்வான குழந்தைகளில் ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. இனி இந்தக் கட்டுரையில் ‘அறிவுத்திறன்’ என்று வரும் இடமெல்லாம், இத்தகைய சோதனைகள் அளக்கும் திறன் என்ற குறுகிய பொருளிலேயே வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரட்டையர்களிடமிருந்து ஒரு கணக்கு

அந்தப் ‘பாதி’ எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இரட்டைக் குழந்தைகளிடமிருந்து. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையரின் மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரண்டு தனித்தனிக் கருக்களிலிருந்து பிறக்கும் இரட்டையர், சாதாரண உடன்பிறப்புகளைப் போல, மனிதருக்கு மனிதர் மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியை மட்டும் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே பெற்றோரிடம் வளர்கிறார்கள். அப்படியிருந்தும் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்தால், அந்தக் கூடுதல் ஒப்புமைக்கு மரபணுவே காரணம் என்று கொள்ளலாம். இதுதான் அடிப்படைத் தர்க்கம்.

தாமஸ் பூஷார்ட், மாத் மெக்யூ என்ற இருவர் 1981இல் அதுவரை வெளிவந்திருந்த 111 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரு கரு இரட்டையரின் ஐ.கியூ. மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.86 என்றும், இரு கரு இரட்டையருக்கு 0.60 என்றும் வந்தது. இந்தக் கெழு 1 என்றால் ஒருவருடைய மதிப்பெண்ணை வைத்து மற்றவருடையதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். 0 என்றால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. 0.86க்கும் 0.60க்கும் உள்ள வித்தியாசம் 0.26. மரபணுப் பகிர்வில் இருக்கும் வித்தியாசம் பாதிதான் என்பதால் இதை இரண்டால் பெருக்க வேண்டும், 0.52 கிடைக்கிறது. ஆகவே 52 சதவீதம். ஒரு கரு இரட்டையரின் 0.86இலிருந்து இந்த 0.52ஐக் கழித்தால் வரும் 0.34, ஒரே வீட்டில் வளர்வதன் பங்கு. எஞ்சிய 0.14, தனித்தனி அனுபவங்களும் அளவீட்டுப் பிழையும். செய்தித்தாளில் வரும் ‘பாதி பிறவி’ என்ற தலைப்புக்குப் பின்னால் இருப்பது, பள்ளி மாணவர் போட்டுவிடக்கூடிய இவ்வளவு எளிய கணக்குதான்.

பிறந்தவுடன் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களையும் பூஷார்ட் 1979 முதல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வரவழைத்துச் சோதித்தார். அந்த ஆய்வு 1990இல் சொன்ன எண் ஏறத்தாழ 70 சதவீதம். இந்த முறைக்கு நியாயமான மறுப்புகள் உண்டு. தத்துக் கொடுக்கும் அமைப்புகள் வறிய வீடுகளையும் சிதைந்த குடும்பங்களையும் பெரும்பாலும் தவிர்ப்பதால், ‘வெவ்வேறு வீடுகள்’ என்பவை உண்மையில் அவ்வளவு வெவ்வேறானவை அல்ல. ஆனாலும், பல நாடுகளில், பல முறைகளில் செய்த ஆய்வுகளும் மரபின் பங்கு கணிசமானது என்றே காட்டுகின்றன. பிறவி என்று ஒன்றுமே இல்லை என்ற நிலைப்பாட்டுக்குச் சான்றுகள் துணை நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

ஆராய்ச்சியாளர்கள் இந்த எண்ணை ஹெரிட்டபிலிட்டி என்கிறார்கள். மரபுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், மனிதர்களுக்கு இடையே காணப்படும் வேறுபாடுகளில் எத்தனை சதவீதத்தை அவர்களுடைய மரபணு வேறுபாடுகளோடு தொடர்புபடுத்தலாம் என்பதே மரபுப் பங்கு. இந்த வரையறையில் கூட்டம், காலம், வேறுபாடு என்ற மூன்று சொற்களும் முக்கியமானவை. ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டால் அங்கே வேறுபாடு என்று எதுவும் இல்லை. ஆகவே மரபுப் பங்கு என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை.

கை விரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைக்கு ஐந்து விரல்கள் அமைவது முழுக்க முழுக்க மரபணுக்களின் வேலை. ஆனால் ஓர் ஊரில் விரல்களின் எண்ணிக்கையில் காணப்படும் வேறுபாடுகளை ஆராய்ந்தால், நான்கு விரல் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆலை இயந்திரத்திலோ விபத்திலோ விரலை இழந்தவர்களாக இருப்பார்கள். எனவே விரல் எண்ணிக்கையின் மரபுப் பங்கு மிகக் குறைவாகவே வரும். ஒன்று மரபணுவால் உருவாகிறது என்பதும், அதில் காணப்படும் வேறுபாடுகள் மரபணுவால் வருகின்றன என்பதும் இரு வேறு செய்திகள்.

பிறவி மேதை என்ற பேச்சு எழுந்தால் தமிழர்கள் உடனே எடுத்துக்காட்டும் பெயர் ராமானுஜன். எதிர்த்தரப்பும் அவரையே எடுத்துக்காட்டலாம் என்பது கவனிக்கத்தக்கது. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, ஜி. எஸ். கார் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்தது. சில ஆயிரம் முடிவுகளைப் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் அடுக்கிவைத்திருந்த நூல் அது. அவர் அவற்றைத் தாமே ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தார். தாளுக்குச் செலவழிக்க வசதியில்லாததால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார், உதவித்தொகையை இழந்தார். ஆயினும் கணக்கை விடவில்லை. இதில் எது பிறவி, எது உழைப்பு? அந்த அளவுக்கு இடைவிடாமல் உழைக்க வைத்த ஈடுபாடே பிறவியில் வந்திருக்கலாம். அந்த நூல் கைக்கு வந்திராவிட்டால் அந்த ஈடுபாடு வேறெங்கோ போயிருக்கலாம். ஒருவருடைய வாழ்க்கையை இப்படிப் பங்கு பிரிக்க எந்தக் கணக்கும் கிடையாது. வருங்காலத்திலும் கிடைக்காது, ஏனென்றால் கேள்வியே பொருளற்றது.

சூழல் மாறினால் எண்ணும் மாறும்

மரபுப் பங்கு இயற்கையின் மாறிலி அன்று. ஒரு நாட்டில் பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் பள்ளி வாய்க்கிறது, மீதிப் பேர் மாடு மேய்க்கப் போகிறார்கள் என்றால், வாசிப்புத் திறனில் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதி பள்ளிக்குப் போனதால், போகாததால் வந்தவையாக இருக்கும். மரபுப் பங்கு குறைவாக இருக்கும். எல்லாக் குழந்தைகளையும் நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டால் சூழல் வேறுபாடு சுருங்கிவிடும். மீந்திருக்கும் வேறுபாடுகளில் மரபின் பங்கு தானாகவே உயர்ந்து தெரியும். நார்வேயின் இரட்டையர் பதிவேட்டை வைத்து 1985இல் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டியது: கல்வி வாய்ப்புகள் விரிந்த பிறகு, 1940க்குப் பின் பிறந்த ஆண்களிடையே, படித்து முடித்த கல்வி நிலையில் மரபின் பங்கு முந்தைய தலைமுறையைவிட உயர்ந்திருந்தது. மரபுப் பங்கு உயர்ந்தால் முயற்சிக்கு இடம் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. வாய்ப்புகள் சமமாகிவிட்டன என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் உண்மை இதுவே. பத்திரிகைச் செய்திகளில் இது வருவதே இல்லை.

வறுமையிலும் இது வெளிப்படுகிறது. எரிக் டர்க்ஹைமர் குழுவினர் 2003இல் அமெரிக்காவின் ஏழு வயது இரட்டையர்களை ஆராய்ந்தபோது, வசதியான குடும்பங்களில் ஐ.கியூ. வேறுபாடுகளில் பெரும்பகுதியை மரபணு விளக்கியது. மிக வறிய குடும்பங்களிலோ மரபணுவின் பங்கு ஏறக்குறையப் பூஜ்ஜியமாக இருந்தது. வறுமை, பிள்ளைகளின் இயல்பான வேறுபாடுகள் வெளிப்படவே விடவில்லை. பல நாட்டு ஆய்வுகளையும் 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, இந்த விளைவு அமெரிக்காவில் தென்பட்டது. மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்படவில்லை. அந்நாடுகளில் மருத்துவமும் கல்வியும் ஏழைகளுக்கும் ஓரளவு சீராகக் கிடைப்பது காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

வயதும் எண்ணை மாற்றுகிறது. நான்கு நாடுகளைச் சேர்ந்த 11,000 இரட்டையர் இணைகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், மரபுப் பங்கு 9 வயதில் 41 சதவீதமாகவும், 12 வயதில் 55 சதவீதமாகவும், 17 வயதில் 66 சதவீதமாகவும் ஏறியது. அனுபவம் சேரச் சேரப் பிறவியின் செல்வாக்குக் குறையும் என்று நாம் எதிர்பார்ப்போம், நடப்பது நேர்மாறு. சிறு வயதில் என்ன படிப்பது, யாரோடு விளையாடுவது என்பதையெல்லாம் பெற்றோர் தீர்மானிக்கிறார்கள். வளர வளரப் பிள்ளைகள் தங்கள் விருப்பத்துக்கு ஏற்ற சூழலைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். வாசிப்பில் சற்றே நாட்டம் உள்ள சிறுமி நூலகத்துக்குப் போகிறாள்; அதைக் கவனித்த ஆசிரியர் கூடுதலாக ஒரு புத்தகம் தருகிறார்; அவள் முன் வரிசைக்கு வருகிறாள்; அவளோடு சேரும் தோழிகளும் வாசிப்பவர்களாக இருக்கிறார்கள். தொடக்கத்தில் இருந்த சிறு மரபு வேறுபாடு, சூழலின் துணையோடு பெரிதாகிறது. இரட்டையர் கணக்கு இதை முழுவதுமாக மரபின் கணக்கிலேயே எழுதிவிடும், இடையில் நூலகமும் ஆசிரியரும் உழைப்பும் இருந்தபோதிலும்.

இதே பெருக்கம் மரபே இல்லாமலும் நடக்கும். ஒன்றாம் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளின் வயதில் பதினொரு மாத வித்தியாசம் இருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வயதில் இளைய குழந்தை பென்சிலைப் பிடிக்கத் தடுமாறினால் அதை மந்தம் என்று எழுதி, பின் வரிசையில் உட்காரவைத்து, மறு ஆண்டு மதிப்பெண் குறைந்தவர்களின் பிரிவில் போட்டுவிட்டால், பிறந்த மாதம் அந்தக் குழந்தையின் ‘பிறவிக் குணம்’ ஆகிவிடும்.

பிறவி என்றால் மாறாது என்று அர்த்தமா?

இல்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோயில், ஒரே ஒரு மரபணுவின் கோளாறால், உணவுப் புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடலால் சிதைக்க முடிவதில்லை. அது இரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கிறது. கவனிக்காமல் விட்டால் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உண்டாகும். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலேயே இதைக் கண்டறியும் முறையை உருவாக்கினார். கண்டறிந்ததும் ஃபீனைல்அலனின் குறைந்த உணவைத் தொடங்கித் தொடர்ந்தால் அந்தக் குழந்தை இயல்பான அறிவுத்திறனோடு வளர்கிறது. மரபணு மாறவில்லை, மாறியது உணவு மட்டுமே.

உயரத்தையும் பாருங்கள். வசதியான நாடுகளில் உயர வேறுபாடுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபணுவால் விளக்கப்படுகிறது. அப்படியிருந்தும் ஒரு நூற்றாண்டில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. மூன்று நான்கு தலைமுறைகளில் மரபணுக்கள் அந்த அளவுக்கு மாறிவிடாது. அறிவுத்திறன் சோதனைகளிலும் இதுவே நடந்தது. நியூசிலாந்து அறிஞர் ஜேம்ஸ் ஃபிளின், 1987இல் 14 நாடுகளின் தரவுகளைத் திரட்டி, ஒரு தலைமுறைக்குள் மதிப்பெண்கள் பெருமளவு ஏறியிருப்பதைக் காட்டினார். அமெரிக்காவில் அது பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. சில நாடுகளில் அண்மைக் காலத்தில் இது தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. நார்வேயில் 1970களின் நடுப்பகுதிக்குப் பின் பிறந்த ஆண்களின் மதிப்பெண்கள் இறங்கின. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு இடையிலும் இந்த இறக்கம் தெரிந்ததால், ஏற்றத்தைப் போலவே இறக்கத்துக்கும் சூழலே காரணம் என்று 2018இல் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

நம் சமையலறையிலேயே ஒரு சான்று இருக்கிறது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு அயோடின் போதாவிட்டால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கடுமையான குறைபாடு மீளமுடியாத அறிவுத்திறன் இழப்பில் முடியும். அயோடின் சேர்த்த உப்பு இதைத் தடுக்கிறது. அதன் செலவு மிகச் சொற்பம். இந்தியா 1962இல் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமாக இந்தப் பணியைத் தொடங்கியது. வாகனப் புகையில் கலந்து குழந்தைகளின் மூளையைக் கெடுத்துவந்த ஈயத்தை, 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து நீக்கியதும் இத்தகைய நடவடிக்கையே. உப்பும் பெட்ரோலும் பிறவியும் இல்லை, எந்தக் குழந்தையின் உழைப்பும் இல்லை. பிறவியா உழைப்பா என்று இரண்டே பக்கங்களை வைத்துப் பேசும்போது இந்த மூன்றாவது பெரும் பகுதி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அரசும் சமூகமும் செய்ய வேண்டியவை பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

இன்னொரு தவறான தாவலையும் இங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு கூட்டத்துக்குள் வேறுபாடுகள் மரபால் வருகின்றன என்றால், இரு கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடும் மரபால்தான் வரும் என்று சாதியையோ இனத்தையோ அறிவோடு முடிச்சுப் போடுபவர்கள் வாதிடுவார்கள். மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970இல் இதற்குத் தெளிவான பதில் சொன்னார். அதை நம் வயலுக்குக் கொண்டுவருகிறேன். பல ரகங்கள் கலந்த ஒரே விதைநெல் மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, ஒன்றை உரமிட்ட வயலிலும் மற்றதை உரமே காணாத வயலிலும் விதைக்கிறோம். ஒவ்வொரு வயலுக்குள்ளும் மண்ணும் நீரும் ஒரே சீராக இருப்பதால், அங்கே ஒரு பயிர் உயர்ந்தும் ஒன்று குட்டையாகவும் இருப்பதற்கு விதையே முழுக் காரணம். ஆனால் முதல் வயல் செழித்தும் இரண்டாவது வாடியும் நிற்பதற்கு விதை காரணமே இல்லை. இரண்டிலும் விழுந்தது ஒரே மூட்டை விதை. வயலுக்குள் மரபுப் பங்கு 100 சதவீதமாக இருந்தாலும் வயல்களுக்கு இடையே அது பூஜ்ஜியமாக இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலுக்கே விடப்படாத மக்களின் பிள்ளைகளைப் பார்த்து ‘பிறவி’ என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

அறிவுக்கென்று தனி மரபணு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது: இல்லை. 11 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, கல்வியில் எட்டிய நிலையோடு தொடர்புள்ள 1,271 மரபணு மாறுபாடுகளைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் விளைவும் மிகமிகச் சிறியது; அனைத்தையும் கூட்டிக் கணக்கிட்டாலும் வேறுபாட்டில் 11 முதல் 13 சதவீதம் வரைதான் விளங்கியது. ஒரே வீட்டு உடன்பிறப்புகளுக்குள் ஒப்பிடும்போது அதுவும் கணிசமாகக் குறைகிறது. நிலைமை இப்படியிருக்க, பத்து விரல் ரேகைகளையும் பதிந்துகொண்டு குழந்தையின் பிறவித் திறமை எந்தத் துறையில் என்று சொல்கிறோம் என ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் சோதனைகளுக்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. பெற்றோர் அந்தப் பணத்தைப் புத்தகங்களுக்குச் செலவிடலாம்.

உழைப்பு எதைத் தருகிறது?

1980இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் துல்லியமாகப் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், சராசரி நினைவாற்றல் கொண்ட ஒரு மாணவரிடம் நொடிக்கு ஓர் எண் வீதம் வாசித்து, வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நம்மில் பெரும்பாலோரைப் போல அவரும் ஏழு எண்களோடு நின்றுவிட்டார். 230 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயிற்சிக்குப் பிறகு அவரால் 79 எண்கள் வரை சொல்ல முடிந்தது. எப்படி? அவர் ஓட்டப்பந்தய வீரர். 3, 4, 9, 2 என்று கேட்டால் 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாதனைக்கு அருகில் வரும் நேரம் என்று பதித்துக்கொண்டார். தமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றோடு புதியதை இணைத்தார். அதன் பிறகு ஆய்வாளர்கள் எண்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளை வாசித்தார்கள். அவரால் ஆறு எழுத்துகளுக்கு மேல் சொல்ல முடியவில்லை.

79, 6 என்ற இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உழைப்பு நாம் நினைப்பதைவிட மிக அதிகமாக வளர்க்கிறது. ஆனால் எதில் உழைக்கிறோமோ அதில்தான் வளர்க்கிறது. குஜராத்தின் வடோதராவில் பள்ளிக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று ஆண்டுகள் அபாகஸ் மனக்கணக்கு கற்பித்து, 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. அவர்களுக்குக் கணக்குப் போடும் திறன் மேம்பட்டது. பொதுவான நினைவாற்றலோ அறிவுத்திறனோ மேம்படவில்லை. கணக்குக்காக அபாகஸ் வகுப்பில் சேர்ப்பது நியாயமே. மூளையே கூர்மையாகும் என்று நம்பிச் சேர்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பொதுவான அறிவுத்திறனையே உயர்த்துவதாக உறுதியான சான்றோடு நிற்பது, பிரத்யேகப் பயிற்சி எதுவுமில்லாத சாதாரணப் பள்ளிக்கூடம். நார்வே, கட்டாயக் கல்வியை ஏழு ஆண்டிலிருந்து ஒன்பது ஆண்டாக உயர்த்தியபோது அதை ஊர் ஊராகப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. கூடுதல் ஆண்டுகள் கிடைத்த ஊர்களின் இளைஞர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்காக 19 வயதளவில் சோதித்தபோது, கூடுதல் பள்ளி ஆண்டு ஒன்றுக்கு 3.7 ஐ.கியூ. புள்ளி உயர்ந்திருந்தது. பல நாடுகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை 2018இல் தொகுத்தபோதும் ஓர் ஆண்டுக் கல்விக்கு 1 முதல் 5 புள்ளி வரை உயர்வு தெரிந்தது. எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தக்கவைப்பதன் பொருள், சான்றிதழைத் தாண்டி இவ்வளவு பெரியது.

அப்படியானால், உழைத்தால் எதுவும் முடியும் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? உழைப்பைப் பாராட்டுவதில் நன்மை உண்டு. உளவியலாளர் கேரல் டிவெக் 1998இல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்திய சோதனைகளில், “நீ கெட்டிக்காரன்” என்று பாராட்டப்பட்டவர்கள் எளிய புதிரையே அடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு தோல்விக்குப் பிறகு தளர்ந்தும் போனார்கள். “நன்றாக முயன்றாய்” என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிரை நாடினார்கள். ஆனால் அறிவு வளரக்கூடியது என்று கற்பிக்கும் பயிற்சிகளைப் பெரிய அளவில் சோதித்தபோது விளைவு மிதமாகவே இருந்தது. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் குறைந்த மாணவர்கள் நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி முன்னேறினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்கு இது நல்ல பலன்தான். எதையும் சாதிக்கலாம் என்ற முழக்கத்துக்கு இது போதுமான ஆதாரம் இல்லை.

அந்த முழக்கத்துக்கு ஒரு கொடூரமான பக்கமும் உண்டு. உழைத்தால் யாருக்கும் வரும் என்றால், வராதவர் உழைக்காதவர் என்றாகிவிடுகிறது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தை அந்த வாதத்தின் முதல் பலி. பேச்சில் கூர்மையாக இருக்கும். கதையைக் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லும். ஆனால் எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் தடுமாறும். ‘ன’, ‘ண’ குழம்பும், கொம்பும் காலும் இடம் மாறும், ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். இது குடும்பவழியில் வருவது, ஐ.கியூ. குறைவு அன்று, சோம்பலும் அன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, மீண்டும் மீண்டும், வெளிப்படையாகக் கற்பித்தால் இக்குழந்தைகள் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் உழைப்பு தேவை, மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை. ஆனால் ஒரே பத்தியை நூறு முறை எழுது என்ற தண்டனை அந்த உழைப்பில் சேராது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும் டிஸ்லெக்சியா மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. உரிய மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திராமல், வாசிப்பில் தடுமாற்றம் தெரிந்ததுமே குழந்தைகள் நல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டிவிடுவது நல்லது.